ஒரு விரற்கடை அதிகம்

மேலே ஒன்று, கீழே ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று, இதற்குப் போய் ஒரு டீச்சர் எதற்கு என்று முதல் சனிக்கிழமை நினைத்த இன்னாசிமுத்து, மூன்றாவது சனிக்கிழமை பதினேழாவது இழைக்கு வந்ததும் இது மேலா கீழா என்று தெரியாமல் மர ஊசியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் கல்லூரி நூலகர். எழுபதாயிரம் புத்தகங்களில் எது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னவர். இங்கே இருப்பது நாற்பதே நாற்பது இழை. சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிய மரச்சட்டம், மேலே ஆணி, கீழே ஆணி, இரண்டுக்கும் நடுவில் விறைப்பாகக் கட்டிய வெள்ளைப் பருத்தி இழைகள், அதுதான் பாவு. அதன் குறுக்கே கம்பளி நூலை ஓட்டிக்கொண்டே போனால் துணி. குன்னூரில் இந்தக் கோயில் கூடத்தின் தகரக் கூரைக்கு மேல் மூடுபனி உட்கார்ந்திருக்கிறது, உள்ளே எட்டுப் பேர் எட்டுச் சட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஏழு பேருக்கு வருகிறது. நூலகத்தில் இருந்தவர் நூலுக்கே வந்துவிட்டார் என்று எதிர் மேசை போஜன் முதல் நாளே சொல்லிச் சிரித்தாகிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு அதற்குமேல் நுட்பமான நகைச்சுவையை எதிர்பார்க்க முடியாது என்று இன்னாசிமுத்து அன்றைக்கே அவரை வகைப்படுத்தி வைத்துவிட்டார். அவராக விரும்பி வந்த வகுப்பு இல்லை இது. காலைப் பேப்பரில் சிவப்புப் பேனாவால் பிழைகளைச் சுழித்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக் காட்டுகிற புருஷனை வாரத்தில் இரண்டு மணி நேரமாவது வெளியே அனுப்ப வேண்டும் என்று தெரேசம்மாள் பெயர் கொடுத்துவிட்டாள். போகட்டும். ஆனால் இந்த ஹேமலதா டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தாள், வீட்டில் மீந்த நூல்தான் கொண்டுவர வேண்டும், கடையில் வாங்கினது கூடாது என்று. முதல் இரண்டு வாரம் டீச்சரின் கூடையிலிருந்தே இரவல் வாங்கிச் சமாளித்தார். மூன்றாம் வாரமும் இரவலா சார் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். காரியத்தின் விளைவு இப்போது அவர் மடியில், கைக்குட்டைக்கு அடியில், ஒரு தேங்காய் அளவு உருண்டையாக இருந்தது. கடுகு மஞ்சளும் பாசிப் பச்சையும் சேர்ந்த நூல். ஏது சார் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல நிறம் என்று டீச்சர் சொன்னாள், அவ்வளவுதான். அதோடு போயிருக்க வேண்டியது. கதவு திறந்து, குடையை மடக்கிக்கொண்டு, பியூலா உள்ளே வந்தாள்.

பியூலா. இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்குக் கீழே உதவியாளராக இருந்த பியூலா. இந்தக் கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அது அவர் பக்கத்தில் இருந்தது, அதில் வந்து உட்கார்ந்தாள். "சார்! நீங்களும் இங்கதானா?" என்றாள். ஆமாம் என்றார். கைக்குட்டையின் நான்கு முனையையும் உருண்டைக்கு அடியில் செருகினார். செருகி என்ன பயன், உருண்டையை மறைக்கலாம், நெய்ததை எங்கே மறைப்பது, சட்டத்தின் அடியில் ஏற்கெனவே ஐந்து விரல் உயரத்துக்கு அந்த நிறம் ஏறி நிற்கிறதே. அப்படி ஒரு நூலை எந்தக் கடையும் விற்பதில்லை. மஞ்சள் உருண்டையிலிருந்து ஓர் இழை, பச்சை உருண்டையிலிருந்து ஓர் இழை, இரண்டையும் ஒன்றாகப் பிடித்துப் பின்னினால்தான் அந்தப் புள்ளிப் புள்ளியான நிறம் வரும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துப் பின்னியவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியில் பனி. இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு நூலகப் பட்டியல் அட்டையில் எழுத்தே தெரியாது, எத்தனை முறை அதற்காகத் திட்டியிருக்கிறார், கடவுளே இன்னும் கொஞ்ச நேரம் துடைக்கட்டும். போட்டுக்கொண்டாள். "இந்தக் குளிர்ல வெறும் சட்டையோட வந்திருக்கீங்க," என்றாள். "ஸ்வெட்டர் போடலையா சார்?" அவர் வாய், அவரைக் கேட்காமலே, "துவைக்கப் போட்டிருக்கு," என்றது. "பாத்து சார். சுடுதண்ணியில போட்டா சுருங்கிரும்," என்று சொல்லிவிட்டு அவள் டீச்சர் கொடுத்த சட்டத்தில் பாவு கட்ட ஆரம்பித்தாள். அவர் சட்டத்தைப் பார்த்தாளா? பார்த்த மாதிரியும் இருந்தது. பார்க்காத மாதிரியும் இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. எது மேலே?

அந்த ஸ்வெட்டர் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், அவருடைய பணி நிறைவு விழாவில். சால்வைகள், சந்தன மாலை, ஒரு கடிகாரம், கடைசியில் பியூலா ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். ஆறு மாசமா பஸ்ல போகும்போதும் வரும்போதும் பின்னினாளாம் சார் என்று யாரோ மைக்கில் சொன்னார்கள், கை தட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தார். நிறம் பரவாயில்லை. உடம்பு பொருந்தியது. இடது கை மணிக்கட்டில் சரியாக நின்றது. வலது கை, இதோ, மணிக்கட்டைத் தாண்டிப் புறங்கையில் வந்து விழுந்தது. அப்போது அவருக்குள் என்ன நடந்தது என்பதை அவர் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார், நினைத்த ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது நினைக்க ஆரம்பித்திருக்கிறார். சந்தோஷம். ஒரு சின்ன, சுத்தமான சந்தோஷம். அட்டையில் தப்பைக் கண்டுபிடித்ததும் சிவப்புப் பேனா மூடியைத் திறக்கும்போது வருமே, அதே சந்தோஷம். ஸ்கேலை எடுத்து அளந்தார். அளந்திருக்க வேண்டாம். இடது ஐம்பத்துமூன்று சென்டிமீட்டர், வலது ஐம்பத்தைந்து. ஒரு விரற்கடை அதிகம். "பாரு," என்று தெரேசம்மாளைக் கூப்பிட்டார், "இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தும் அளவுன்னா என்னன்னு அவங்களுக்கு வரவே இல்லை." தெரேசம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்து பார்த்துவிட்டு, "போட்டுக்கிட்டா கை அறுந்தா விழுந்துரும்?" என்றாள். அவர் கழற்றி மடித்து வைத்துவிட்டார். பிறகு போடவில்லை. ஒருநாளும். ஆனால் கடிதம் எழுதினார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். நல்ல தாளில், நல்ல மையில், தாங்கள் பின்னியளித்த கம்பளிச்சட்டை இனி என் குளிர்காலங்களின் கவசம், நாள்தோறும் அணிகிறேன், அணியுந்தோறும் தங்கள் உழைப்பை நினைக்கிறேன் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினார். அணியுந்தோறும் என்ற சொல் அமைந்துவிட்டதில் அன்று முழுவதும் நிறைவாக இருந்தது அவருக்கு. பியூலா அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள் என்று போன கிறிஸ்துமஸுக்கு யாரோ சொன்னார்கள். லேமினேட். பொய் நனையாது, கிழியாது, தூசி படிந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

வலது மணிக்கட்டு வலித்தது. குளிர் வந்தால் அது மட்டும் தனியாக வலிக்கும், பழைய தோழன். ஊசியை இழுத்தார், நூல் விறைத்து நின்றது, முள்கரண்டியால் தட்டி இறக்கினார். நூல் நேராக இல்லை என்பதுதான் அவரைக் கொன்றுகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் தெரேசம்மாள் ஜெபக் கூட்டத்துக்குப் போன நேரத்தில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து, மீந்தது என்றால் என்ன, பயன்படாமல் மிஞ்சிக் கிடப்பது, இது மூன்று வருஷமாகப் பயன்படாமல் மிஞ்சிக் கிடக்கிறது, ஆகவே இது மீந்தது என்று தர்க்கம் பேசி முடித்து, பிரிக்க உட்கார்ந்தார். பிரிப்பதற்கும் ஒரு முனை உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அடி விளிம்பில் இழுத்தார், வரவில்லை, முடிச்சு விழுந்தது. பிறகு கழுத்துப் பக்கம் இழுத்தபோது சரசரவென்று வந்தது, வரிசை வரிசையாக, எவ்வளவு சுலபம், ஒரு பெண் ஆறு மாதம் பஸ்ஸில் ஏற்றிய வரிசைகள் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிட்டன. கைகள் மட்டும் தோளோடு தைத்திருந்தன. கத்தரிக்கோல் எடுத்து இரண்டையும் வெட்டினார். அந்தச் சத்தம். காகிதம் வெட்டுகிற சத்தம் வேறு, இது ஏதோ மெல்லுகிற மாதிரி. கை இரண்டையும் பிரிக்க மனசு வரவில்லை, மனசு என்ன மனசு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய அகராதிக்குப் பின்னால், யாரும் தூசி தட்டாத இடத்தில், திணித்துவிட்டார். நூலை உருண்டையாகச் சுற்றிப் பார்த்தால் முழுக்கச் சுருள் சுருளாக, வேகவைத்த சேமியா மாதிரி. பின்னியிருந்த நூல் பின்னியிருந்ததை மறக்காது போலிருக்கிறது. ஒவ்வொரு வளைவும் ஒரு கண்ணி. ஒவ்வொரு கண்ணியும் இங்கேதான் இருந்தேன், இங்கேதான் இருந்தேன் என்கிறது. இதைக் கொண்டுவந்து எட்டுப் பேர் நடுவில் உட்கார்ந்திருக்கிறேனே, நான் படித்தவன்தானா?

"சார், இழுக்காதீங்க," என்று ஹேமலதா டீச்சர் பின்னால் வந்து நின்றாள். "எத்தனை தடவை சொல்றது? நூலை நேராப் போடக்கூடாது. வில்லு மாதிரி வளைச்சு விட்டுட்டு அப்புறம் தட்டி இறக்குங்க. இழுத்தா ரெண்டு ஓரமும் உள்ள வந்துரும். பாருங்க, வந்திருச்சு." பார்த்தார். அடியில் நாற்பது இழை அகலத்துக்குத் தொடங்கிய துணி, பியூலா வந்து உட்கார்ந்த இடத்திலிருந்து ஒடுங்கத் தொடங்கி, ஸ்வெட்டர் போடலையா என்ற இடத்தில் இன்னும் ஒடுங்கி, இடுப்பு வைத்து நின்றது. போஜன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "அருமை, அருமை. நாங்கெல்லாம் துணி நெய்யறோம், சார் உடுக்கை நெய்யறாரு," என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. பியூலாவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, நூலகத்தில் சிரிப்பதுபோல. அவளுக்கு அவர்தான் அப்படிப் பழக்கினார். எவ்வளவு அட்டைகள். எழுத்து சாய்ந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிய அட்டைகள், புள்ளிக்குப் பிறகு இடைவெளி இல்லை என்று திருப்பி அனுப்பிய அட்டைகள். ஒரு தடவைகூட அவள் ஏன் என்று கேட்டதில்லை. புது அட்டையில் எழுதி மறுபடி கொண்டுவந்து வைப்பாள். மேல்தட்டுப் புத்தகங்களை அவளைத் தொடவே விட்டதில்லை, மாற்றி வைத்துவிடுவாள் என்று. அவரே ஏணியில் ஏறி, வலது கையை நீட்டி எடுப்பார், அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டிசம்பர், ஜனவரி, அந்தக் கருங்கல் கட்டடம் பனிக்கட்டிப் பெட்டி. "குளிருதா சார்?" என்று ஒரு தடவை கீழேயிருந்து கேட்டாள். "ஏணியைப் பிடிங்க, போதும்," என்று சொன்னார். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? வளைத்து விடு, பிறகு தட்டு. வில்லு மாதிரி.

"குடுங்க சார், ஓரத்தை இளக்கித் தர்றேன்," என்று பியூலா கை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் சட்டம் அவள் மடிக்குப் போய்விட்டது, சட்டத்தோடு நூல், நூலோடு கைக்குட்டை, கைக்குட்டை கீழே விழ உருண்டை மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். முடிந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார், ஜன்னலில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை, அதையே ஆழ்ந்து பார்த்தார். இதோ இப்போது கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? என் மனைவியின் தங்கை கொடுத்தது. தங்கை இல்லை தெரேசம்மாளுக்கு, அது பியூலாவுக்குத் தெரியும். சந்தையில் ஒரு பழைய துணிக்காரன். அவனுக்கு எப்படி இந்த நிறம்? பூச்சி அரித்துவிட்டது, வேறு வழியில்லாமல், கண்ணீரோடு. கண்ணீரோடு வேண்டாம், அணியுந்தோறும் மாதிரி இருக்கிறது. ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் விரல்கள் நூலின் சுருளை ஒரு தடவை நீவிப் பார்த்தன. நீவினால் நேராகி, விட்டால் மறுபடி சுருண்டது. ஓரிடத்தில் ஒரு முடிச்சு இருந்தது, அவள் போட்டது, நூல் தீர்ந்து அடுத்ததைச் சேர்த்த இடம். அவருக்குத் தெரியாத ஏதோ ஒரு தட்டையான முடிச்சு. அவள் கட்டைவிரல் அதன்மேல் வந்து நின்றது. எவ்வளவு நேரம் நின்றது? நகர்ந்தது. ஓரத்தை இளக்கி, சட்டத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "பிரிச்ச நூலை அப்படியே நெய்யக்கூடாது சார். சிட்டமா, பெரிய வளையமாச் சுத்திக் கட்டி, ஆவி காட்டி, ஒரு கனத்தைத் தொங்கவிட்டாத்தான் நேராகும்," என்றாள். கேட்கவில்லை. ஏது என்று கேட்கவில்லை. பிரிச்ச நூல் என்று சொன்னாள், எதைப் பிரித்தது என்று கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஏன் என்று கேட்காதவள். கேட்டுத் தொலைத்திருந்தால் ஒரு பொய்யாவது சொல்லி நிமிர்ந்திருக்கலாம்.

நாலு மணிக்கு டீயும் வர்க்கியும் வந்தன. வர்க்கித் துகள் துணியில் விழாமல் எல்லோரும் தள்ளி உட்கார்ந்து சாப்பிட, இன்னாசிமுத்து மட்டும் நெய்துகொண்டே இருந்தார், நெய்கிறவனிடம் யாரும் பேச மாட்டார்கள் என்று. வளைத்து விட்டார், தட்டினார். துணி மெல்ல அகன்றது. இன்னும் நாலு விரல் ஏறினால் முடிந்துவிடும். அப்போது உருண்டை, கைக்குள் இருந்தது, எலுமிச்சையாகி, நெல்லிக்காயாகி, ஒன்றும் இல்லாமல் ஆனது. ஊசியில் ஒரு சாண் வால் மிஞ்சியது. "நூல் தீந்துருச்சா சார்?" என்று டீச்சர் அந்தக் கோடியிலிருந்து கேட்டாள். "இன்னும் இருக்குமா வீட்டுல?" இருக்கிறது. அகராதிக்குப் பின்னால் இரண்டு கை இருக்கிறது. "இல்லை," என்றார். இன்றைக்கு இது இரண்டாவது பொய். டீயை ஆற்றிக்கொண்டிருந்த பியூலா அவரைத் திரும்பிப் பார்த்தாள், சாதாரணமாக, ஓர் அட்டையைத் திருத்தி வாங்கிக்கொள்ள மேசைக்கு எதிரே நிற்பாளே அந்தப் பார்வை. திட்டு வாங்கத் தயாராக இருக்கிற பார்வை என்று அதை இத்தனை நாளாக நினைத்திருந்தார். அதில் பயம் இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. அவர் முடிப்பதற்காகக் காத்திருந்திருக்கிறாள், எப்போதும், பொறுமையாக. அவர் ஊசியைக் கீழே வைத்தார். "பியூலா," என்றார். "சொல்லுங்க சார்." சொல்வதற்கு ஒரு பத்தி தயாராக இருந்தது, நல்ல பத்தி, முன்னுரையோடு. அதிலிருந்து மூன்று சொல்தான் வெளியே வந்தது. "துவைக்கப் போடலைங்க, பியூலா."

"தெரியும் சார்," என்றாள் அவள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, காலுக்கடியில் இருந்த பையைத் தூக்கி மேசைமேல் வைத்து, உள்ளேயிருந்து ஒன்று, இரண்டு, எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நீவி வைத்தாள். கடுகு மஞ்சள், பாசிப் பச்சை. வெட்டிய தோள்பக்கம் பிசிறு பிசிறாக. "வியாழக்கிழமை உங்க வீட்டு அம்மா என் வீட்டுக்கு வந்து குடுத்தாங்க. அந்த மனுஷன் என்ன பண்ணி வச்சிருக்காரு பாருன்னு ஒரே சத்தம். சனிக்கிழமை அங்க போ, மீதி அங்கதான் இருக்கும்னு அவங்கதான் எனக்கும் பேர் குடுத்தாங்க." போஜன் எட்டிப் பார்த்தார். "கை ரெண்டும் வந்துருச்சு, ஆளைக் காணோம்," என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, பியூலா மட்டும் சிரித்தாள், வாயைப் பொத்தாமல். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இன்னாசிமுத்து மேசையைப் பார்த்தார். மேசையில் இரண்டு கை. அவர் கண், அந்தக் கெட்ட கண், அவமானத்தில் காது சிவந்துகிடக்கும் இந்த நேரத்திலும் தன் வேலையைச் செய்தது: வலது இடதைவிட நீளம். ஒரு விரற்கடை. அதைப் பார்த்த கண்ணை அவளும் பார்த்துவிட்டாள். "வலது நீளமா இருக்குன்னு பாக்கறீங்களா?" என்றாள். "அம்மா சொன்னாங்க, நீங்க ஸ்கேல் வச்சு அளந்தீங்கன்னு. தப்பு இல்ல சார் அது. வேணும்னே வச்சதுதான். மேல்தட்டுக்குக் கையை நீட்டுவீங்கள்ல, நீட்டும்போதெல்லாம் சட்டைக் கை கீழ இறங்கிப்போய் மணிக்கட்டு வெளிய தெரியும். ஜனவரில ஊதாவாயிரும். கீழ நின்னு நான் அதைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். ரிட்டயர் ஆனாலும் வீட்டுலயும் புத்தகத்தை மேலதான் அடுக்குவீங்கன்னு தெரியும். அதான் ரெண்டு வரிசை, ரெண்டு வரிசையா, எட்டு வரிசை கூடப் போட்டேன்." சொல்லிவிட்டு ஒரு வர்க்கியை எடுத்துக் கடித்தாள்.

எட்டு வரிசை. எண்ணியிருக்கிறாள். எண்ணத் தெரிந்தவள். ஐம்பத்துமூன்று, ஐம்பத்தைந்து என்று ஸ்கேலை வைத்துக் குனிந்து நின்ற அந்த ஆள், ஈரக் கையோடு வந்து நின்ற பெண்டாட்டியிடம் பாரு என்ற அந்த ஆள், அவனை யாராவது அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்து இந்த மேசைமுன் நிறுத்தினால் நன்றாக இருக்கும், ஆனால் நிறுத்த வேண்டியதில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறான். திருத்திய அட்டைகளில் எத்தனை இப்படி? ஏன் என்று அவள் கேட்டதில்லை. ஏன் என்று இவரும் கேட்டதில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திக்கொண்டார். "சரி, டீச்சர் பாக்குறாங்க, முடிச்சிருவோம்," என்று பியூலா கைத் துகளைத் தட்டிவிட்டு, அருகில் இருந்த ஸ்வெட்டர் கையை எடுத்தாள். அது வலது. "நீங்க வெட்டின இடத்துல துண்டு துண்டாத்தான் வரும். ரெண்டு வரிசை போனாச் சரியாயிரும்," என்று முனையைத் தேடினாள். "அது வேண்டாம்," என்றார் அவர். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. "இடதை எடுங்க." அவள் இரண்டையும் பார்த்தாள். "இடது மட்டும் பத்தாது சார், நாலு விரல் போகணும்." "பத்தாட்டா பத்தின இடத்தோட நிறுத்திக்கறேன்." "அரைகுறையா இருக்குமே?" "இருக்கட்டுங்க."

பியூலா இடது கையை எடுத்தாள், பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்தாள். நூல் வரத் தொடங்கியது, வரிசை வரிசையாக, சுருள் சுருளாக. "ரெண்டு கையையும் நீட்டுங்க சார், சிட்டமாச் சுத்திக்கலாம்." நீட்டினார். விலங்கு மாட்டக் காத்திருப்பவர்போல இருந்தது, போஜன் அதைச் சொல்ல வாயெடுத்து, என்னவோ நினைத்துச் சொல்லாமல் டீயைக் குடித்தார். நூல் இடமிருந்து வலமும் வலமிருந்து இடமுமாக அவர் மணிக்கட்டுகளைச் சுற்றிப் போய்வந்தது. அவள் மடியில் கை குட்டையாகிக்கொண்டே போனது. மேசைமேல் மற்றது தனியாக, பிசிறு தோளோடு, வர்க்கித் தட்டை ஒட்டிக் கிடந்தது. "தொங்குது பாருங்க, தூக்கிப் பிடிங்க," என்றாள். தூக்கினார். இன்னும் கொஞ்சம் என்றாள். மேல்தட்டு உயரத்துக்குத் தூக்கினார். சட்டையின் வலது கை மெல்லக் கீழே இறங்க, மணிக்கட்டு வெளியே தெரிந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். பியூலா அந்த இடத்தில் ஒரு சுற்று கூடச் சுற்றினாள்.